கோப்போடு நீயும் போ

தம்பி, உன் ஆய்வுக்கூடத்தில் உருவான முறைக்குக் காப்புரிமை கிடைத்ததும், ஒரு நிறுவனம் அதைக் கேட்டு வந்திருப்பதும் படித்து மனம் நிறைந்தது. கோப்பை ஒப்படைத்ததும் உன் வேலை முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குக் கவலை.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இன்சுலின் பிறந்த கதையைக் கேள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்தில் கசடு இருந்ததால் சரியான பலன் இல்லை. உயிர்வேதியியலாளர் காலிப் அதைச் சுத்திகரித்துத் தந்தபின், அதே மாதம் 23ஆம் தேதி போட்ட ஊசியில் பையனின் ரத்தச் சர்க்கரை இறங்கியது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் மனத்தில் வைக்க வேண்டும். அளவைக் கூட்டித் தயாரிக்கப் போனபோது, காலிப்புக்கே அந்த முறை கைகூடவில்லை. செய்து காட்டியவராலேயே மறுபடி செய்ய முடியவில்லை! மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. போராடித்தான் அந்த முறையை மீட்டார்கள்.

மே மாதக் கடைசியில் எலி லில்லி மருந்து நிறுவனத்தோடு பல்கலைக்கழகம் உடன்பாடு செய்தது. ஜூன் தொடக்கத்திலேயே காலிப்பும் அவருடைய சக ஆய்வாளர் பெஸ்ட்டும் அந்த நிறுவனம் இருந்த இண்டியானாபொலிசுக்குப் போய், அங்கிருந்தவர்களுக்கு நேரில் கற்றுக்கொடுத்தார்கள். பெஸ்ட்டுக்கு அப்போது வயது 23தான். அப்படியும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. ஒருமுறை செய்த மருந்தின் வீரியம் அடுத்த முறை இருக்காது. நிறுவனத்தின் வேதியியலாளர் ஜார்ஜ் வால்டன்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார். கரைசலின் அமிலத்தன்மையைக் குறிப்பிட்ட அளவில் நிறுத்தினால் இன்சுலின் வீழ்படிவாகத் தனியே பிரிந்துவிடும் என்று கண்டார். பேராசிரியர்களுக்குப் பிடிபடாதது தொழிற்சாலையில் பிடிபட்டது. உனக்கும் அப்படி நேர்ந்தால் சந்தோஷப்படு, கற்றுக்கொள்.

இன்சுலின் ஆய்வுக்குழுவின் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலருக்குக் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்ததை எல்லோரும் புகழ்கிறோம். பல்கலைக்கழகம் அதோடு நிற்காமல் ஒரு குழு அமைத்து, விற்பனைக்குப் போன மருந்தின் தரத்தைத் தன் கண்காணிப்பிலேயே வைத்திருந்தது. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

என் காலத்தில் கைவிடப்பட்ட திட்டங்கள் பலவற்றில் முறை சரியாகத்தான் இருந்தது. கூடப் போக ஆள்தான் இல்லை. ஆகவே கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார். நீயும் உன் ஆய்வு மாணவரும் எத்தனை மாதம் உன்னிடம் வந்திருக்கும் நிறுவனத்தின் ஆலையில் இருப்பீர்கள் என்று அதில் எழுதச் சொல். அந்த நாள்களை விடுப்பில் கழிக்காமல் பணி நாள்களாகக் கணக்கிடும்படி துறைத்தலைவரிடம் இப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடு.