பெண் கடலும் எட்டு விக்கெட்டும்

ராமேஸ்வரத்துல தனுஷ்கோடி பஸ் பிடிச்சு, ரோடு முடியிற அரிச்சல்முனையில இறங்குங்க. இடது பக்கம் சாதுவா ஒரு கடல், வலது பக்கம் ஆர்ப்பாட்டமா இன்னொண்ணு. சாதுவுக்குப் பெண் கடல்னும், ஆர்ப்பாட்டத்துக்கு ஆண் கடல்னும் எங்க ஊர்ல பேரு. வெச்சவங்க பெண்கள் கிரிக்கெட் பார்த்திருக்க மாட்டாங்க!

எதிர்க்கரை தலைமன்னார். முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. இங்கே எஃப்.எம். போட்டா இலங்கைத் தமிழ் தெளிவா கேட்கும்.

2024 ஜூலை 28, ஞாயித்துக்கிழமை. காலேஜ் கும்பலோட போயிருந்தேன். மீன் வறுக்குற அக்கா கடையில ரேடியோ ஸ்கோர் சொல்லிட்டிருந்தது. தம்புள்ளையில ஆசியக் கோப்பை ஃபைனல், இந்தியா 165. இலங்கை கேப்டன் சமரி அத்தப்பத்து அடிக்க அடிக்க, அக்கா கரண்டியைக் கீழே வெச்சுட்டாங்க. "நம்ம டீம் தோத்துரும்க்கா"ன்னேன். "தோக்கட்டும்டி... அந்தப் புள்ள என்னமா அடிக்கிறா!" 61-ல அவர் அவுட். பொழுது சாயுதுன்னு எங்களையும் கிளப்பிவிட்டாங்க. மீதி ராமேஸ்வரம் வந்துதான் தெரிஞ்சது. ஹர்ஷிதா சமரவிக்ரம 69 நாட் அவுட், எட்டு விக்கெட் வித்தியாசத்துல இலங்கை சாம்பியன்.

கோபம் வரலையான்னா... வரலை. அதுக்கு முன்னாடி பல ஃபைனல் நம்மகிட்டயே தோத்தவங்க. 1997-லதான் முதல் ஒருநாள் மேட்ச்சே ஆடினாங்க. 2013 உலகக் கோப்பையில, நடப்பு சாம்பியன் இங்கிலாந்தைக் கடைசிப் பால்ல சிக்ஸர் அடிச்சு ஜெயிச்சு, அதே வாரத்துல இந்தியாவையும் 138 ரன்ல புரட்டினாங்க. 2017-ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா அத்தப்பத்து 178 நாட் அவுட். டீம் மொத்தமே 257. அந்த மேட்ச்சும் தோல்விதான்!

(அதே 2013-ல நம்ம தமிழ்நாட்டு திருஷ் காமினி, உலகக் கோப்பையில சதம் போட்ட முதல் இந்தியப் பெண் ஆனார். எங்க கிளாஸ்ல கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் பேரே தெரியலை.)

அங்கே ராணுவம், கடற்படை, விமானப்படைன்னு எல்லாத்துக்கும் பெண்கள் கிரிக்கெட் டீம் இருக்கு. இதை அப்பாகிட்ட சொன்னேன். அப்பா மீனவர். எங்க கரையில இலங்கைக் கடற்படைன்னா, படகைப் பிடிச்சுட்டுப் போறவங்கன்னுதான் அர்த்தம். வலையைச் சரி பண்ணிட்டே கேட்டார்: "நேவியில பொம்பளப் புள்ளைக பந்து போடுதுகளா?" அப்புறம் ரொம்ப நேரம் பேசலை.

பத்தாவது வரைக்கும் அண்ணன்களோட பாம்பன் மணல்ல ஆடினவ நான். "பெரிய புள்ளையாயிட்ட"ன்னு ஒருநாள் பேட்டைப் பரண்ல தூக்கிப் போட்டது அப்பாதான். அடுத்த ஞாயிறு அதை எடுத்துத் தூசி தட்டினதும் அவர்தான். "வெயில் தாழ்ந்தப்புறம் போ தாயி."

முதல்ல ஏழு பேர் வந்தோம். 2025 நவம்பர்ல இந்தியா உலகக் கோப்பை ஜெயிச்சப்புறம் ரெண்டு பேர் சேர்ந்தாங்க. டென்னிஸ் பால்தான். தங்கச்சிமடம் பக்கம் யாராவது விக்கெட் கீப்பிங் பண்ணுவீங்களா?