ஒரு கண்மாய், இரண்டு மாவட்டம்: இளையரசனேந்தல் கரிசலில் ஒரு சுற்று

கோவில்பட்டியில் ரயில் பாதைக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையைத் தாண்டி மேற்கே போகும் சாலைக்கு இளையரசனேந்தல் சாலை என்றே பெயர். ஊரின் கடைசிக் கட்டடங்கள் முடிந்ததும் இரண்டு பக்கமும் கரிசல் தொடங்கிவிடும். புரட்டாசியில் போனால் கறுத்து வெடித்த நிலம். கார்த்திகையில் அதே நிலம் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமுமாகப் பச்சை போர்த்திக் கிடக்கும். தை பிறந்துவிட்டால் களத்தில் தூசி பறக்கும். ஒரே மழைக்காலத்தை நம்பி ஓர் ஆண்டுப் பிழைப்பை ஓட்டும் மானாவாரி பூமி இது.

இளையரசனேந்தல் பழைய ஜமீன் ஊர். அதைச் சுற்றி அய்யனேரி, அப்பனேரி, பிள்ளையார்நத்தம் என ஊராட்சிகள் இருக்கின்றன. ஏந்தல், ஏரி, குளம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். ஏந்தல் என்பதே மழைநீரை ஏந்தி நிற்கும் நீர்நிலையைக் குறிக்கும் சொல். ஆறு பாயாத ஊரில், விழுந்த மழையைப் பிடித்து வைத்தால்தான் குடியிருக்க முடியும் என்று முன்னோர் அறிந்திருந்ததற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

கரிசலுக்குக் கண்மாய் எதற்கு?

'மானாவாரி நிலத்துக்குக் கண்மாய் எதற்கு, மடை திறந்து பாய்ச்சவா போகிறோம்?' என்று சிலர் கேட்பதுண்டு. கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் தாது அதிகம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். முதல் மழையில் வெடிப்பு வழியாக நீர் இறங்கும். மண் உப்பி வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் கனமழையில் பெரும்பங்கு இப்படித்தான் போகிறது. அந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தும் இடம்தான் கண்மாய். சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்று, ஆடுமாடுகளுக்குக் குடிநீர், நிலத்துக்கு வண்டல் எல்லாம் அங்கிருந்துதான் கிடைக்க வேண்டும்.

இன்று கரிசல் பகுதியில் பல கண்மாய்க் கரைகளில் ஏறி நின்றால் தண்ணீருக்கு முன்னால் கண்ணில் படுவது சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்து வறண்ட பகுதிகளைச் சேர்ந்த இந்த மரம் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று பிற்காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் பரப்பினார்கள். நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தின் வழியாக விதையை ஊரெல்லாம் விதைத்தன. வரத்து ஓடையில் முளைத்தது வரத்தை அடைத்தது. கண்மாய்க்குள் முளைத்தது கொள்ளளவைத் தின்றது.

மானாவாரி விவசாயிக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. பகலில் காட்டுப்பன்றி படுத்துக் கிடப்பது இந்தப் புதருக்குள்தான். இரவில் மக்காச்சோளக் காட்டுக்குள் இறங்கினால் கதிர், தட்டை எதுவும் மிஞ்சாது. 2018-ல் வந்த படைப்புழுவுக்காவது மருந்து உண்டு.

எல்லைக்கோடு எங்கே போகிறது?

இந்தக் கண்மாய்களைச் சீர்செய்வது யார் பொறுப்பு? 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறையைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணி, குட்டை போன்ற சிறு நீர்நிலைகளைக் கிராம ஊராட்சி பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் விஷயம் இதோடு முடிந்துவிடும். இளையரசனேந்தலில் இங்குதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இளையரசனேந்தல் குறுவட்டம் முன்பு திருநெல்வேலி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்தது. கோவில்பட்டிதான் பக்கம் என்பதால் 2008-ல் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. பட்டா, சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் எல்லாம் கோவில்பட்டிக்கு வந்தன. ஆனால் குறுவட்டத்தின் 12 ஊராட்சிகளும் பழையபடி குருவிகுளம் ஊராட்சி ஒன்றியத்திலேயே நின்றன. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கியபோது குருவிகுளம் ஒன்றியம் அந்த மாவட்டத்துக்குப் போனது. நிலத்தின் கணக்கு கிழக்கே கடலோர மாவட்டத்திலும், ஊராட்சியின் கணக்கு மேற்கே மலையடி மாவட்டத்திலுமாகப் பிரிந்தது.

இதைச் சரிசெய்யச் சொல்லி இந்தப் பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தும், போராட்டம் நடத்தியும் வந்திருக்கிறார்கள். கோவில்பட்டி ஒன்றியத்தோடு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இளையரசனேந்தலைத் தலைமையிடமாக வைத்துப் புதிய ஒன்றியம் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. வெளியூர்க்காரருக்கு இது ஏதோ அலுவலகத் தகராறு போலத் தோன்றும். கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

அறுபது நடை வண்டலுக்கு எத்தனை நடை?

ஓர் உதாரணம் பார்க்கலாம். 2 ஏக்கர் புஞ்சை வைத்திருக்கும் விவசாயி கண்மாய் வண்டல் அடிக்க நினைக்கிறார். 2017-ல் வந்த அரசாணைப்படி நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், அதாவது 25 டிராக்டர் நடையும், புஞ்சை ஏக்கருக்கு 90 கனமீட்டர், அதாவது 30 டிராக்டர் நடையும் கட்டணமில்லாமல் எடுக்கலாம். அவருக்கு 60 நடை கிடைக்கும். 2024-ல் நடைமுறையை எளிதாக்கி, தாசில்தாரே அனுமதி வழங்கலாம் என்றும், நிலமும் கண்மாயும் ஒரே வட்டத்தில் இருந்தால் போதும் என்றும் மாற்றினார்கள். நல்ல மாற்றம்.

நிலம் கோவில்பட்டி வட்டம், கண்மாயும் அதே வட்டம். அந்த வகையில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தச் சிறு கண்மாயைப் பராமரிப்பது குருவிகுளம் ஒன்றியம். எந்தக் கண்மாயில், எவ்வளவு ஆழத்துக்கு எடுக்கலாம் என்று சொல்ல வேண்டியவர்கள் ஒரு மாவட்டத்தில் இருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு கொடுப்பவர் இன்னொரு மாவட்டத்தில் இருக்கிறார். கண்மாய்க்குள் ஆக்கிரமிப்பு என்றால் அளந்து காட்ட வேண்டிய நில அளவர் கோவில்பட்டியிலிருந்து வர வேண்டும். அதை அகற்றி வேலி போடும் பணம் குருவிகுளத்திலிருந்து வர வேண்டும். காட்டுப்பன்றிப் பிரச்னையும் அப்படியே. 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். அதற்கான கிராமக் குழுவில் ஊராட்சித் தலைவரும், கிராம நிர்வாக அலுவலரும், வனத்துறைப் பணியாளரும் இடம்பெற வேண்டும். இங்கே தலைவர் ஒரு மாவட்டம், நிர்வாக அலுவலர் இன்னொரு மாவட்டம்.

யாரையும் குறை சொல்லி இதற்கு முடிவு வராது. இரண்டு பக்கத்து அலுவலர்களும் அவரவர் எல்லைக்குள்தான் வேலை செய்ய முடியும். இரண்டு எல்லையையும் ஒருசேரப் பார்க்கக்கூடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான். அதனால்தான் மற்ற ஊர்களைவிட இங்கே கிராம சபைக்கு வேலை அதிகம்.

ஊர் முன்னால் நின்ற இடங்கள்

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் என்று ஓர் ஊர் உண்டு. குளத்திலும், தெரு மரங்களிலும் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். அந்த ஊரார் நெடுங்காலமாகப் பறவைகளை விரட்டாமல், வேட்டைக்கும் விடாமல் காத்தார்கள். வெடிச் சத்தம்கூட வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 1994-ல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தபோது காவல் ஏற்கெனவே அங்கே இருந்தது. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் அந்த ஊர் வயலுக்கே உரமானது. ஊருக்கும் குளத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கும்வரை குளம் சாகாது.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி இன்னொரு பாடம். 2006-ல் ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. ரூ.40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். மின்சாரத்தை விற்றே கடனை அடைத்தது. எல்லா ஊராட்சியும் காற்றாலை வைக்க வேண்டும் என்பதில்லை. கணக்கைத் தெளிவாக வைத்து ஊர் ஒன்றாக நின்றால், சிறிய ஊராட்சிக்கும் கை நீளும் என்பதற்காகச் சொல்வது.

கிராம சபையில் என்ன கேட்கலாம்?

கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 கண்மாய்க்கென்றே அமைந்த நாள். கோடைக்கு முன் தீர்மானம் போட்டால்தான் மழைக்கு முன் வேலை முடியும்.

• ஊராட்சியில் உள்ள கண்மாய், ஊருணி, ஓடை ஒவ்வொன்றுக்கும் புல எண், பரப்பு, பராமரிப்பவர் யார் என்ற பட்டியலைத் தயாரித்துத் தீர்மானத்தோடு இணைக்க வேண்டும்.

• தீர்மான நகலை ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் அனுப்ப வேண்டும்: குருவிகுளம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், கோவில்பட்டி தாசில்தாருக்கும். ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

• சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டி விற்றால் அடுத்த மழையில் தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும் என்பதை ஏல நிபந்தனையிலேயே எழுத வேண்டும். முளைத்த நாற்றுகளைப் பிடுங்க அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஆள் வேண்டும்.

• வெட்டிய இடத்தைச் சும்மா விடக்கூடாது. கரையின் வெளிச்சரிவில் பனை விதையும், உள்ளே நாட்டுக் கருவேலமும், பாதையோரம் வேம்பு, புங்கனும் வைக்கலாம். ஆவணி, புரட்டாசியில் ஊன்றிய பனங்கொட்டைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

• வரத்து ஓடை ஊரைத் தாண்டி வரும் இடத்தில் குப்பை கொட்ட விடக்கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தடை. மழைக்கு அடித்துவரும் கேரிபேக் கண்மாயில் தங்கினால், நீர் வற்றியதும் அதைத் தின்பது நம் வீட்டு ஆடும் மாடும்தான்.

அவரவர் நிலத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவது, வரப்பை உயர்த்துவது, தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுவது ஆகிய மூன்றும் ஓடும் நீரை நடக்க வைக்கும். 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கரிசலுக்கென்றே முன்பருவ விதைப்பு, மானாவாரி ரகங்கள் என்று பலவற்றைத் தந்திருக்கிறது. அதன் வாசல் இந்த ஊர்களுக்கு வெகு பக்கம்.

மாவட்ட எல்லை என்றைக்காவது ஒரு நாள் அரசிதழில் சரியாகலாம். அதுவரை மழை காத்திருக்காது. ஐப்பசியில் பெய்யும் தண்ணீர் கோவில்பட்டி எது, குருவிகுளம் எது என்று கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போகும். அந்தப் பள்ளத்தைத் தூர்ந்துபோகாமல் வைத்திருப்பது இளையரசனேந்தல் மக்களின் கையில் இருக்கிறது.

உங்கள் ஊர்க் கண்மாயின் பராமரிப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரியாத வாசகர்கள், அடுத்த கிராம சபையில் கேட்கும் முதல் கேள்வியாக அதையே வைத்துக்கொள்ளலாம்.