தட்டைக் காலும் மாமல்லபுரமும்

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு சைக்கிள். 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆபீஸில் பந்தயமே கட்டியிருந்தேன். முட்டுக்காடு பாலம் வருவதற்குள் உள்ளங்கால் 'விண் விண்'!

"ஈரக்காலைத் தரையில வெச்சுப் பாருடா" என்றான் நண்பன். வைத்தேன். நடுவில் வளைவே இல்லை. முழுப் பாதமும் தோசையாகப் பதிந்தது. தட்டைப் பாதம்! மானம் போக, அங்கேயே திரும்பினோம்.

அப்புறம் ஷூ கடைக்குப் போனது சாயங்காலத்தில். அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும், அளவு ஏமாற்றாது. விரல் பக்கம் அகலம், மிதித்தால் மடங்காத அடி, உள்ளே வளைவைத் தாங்கும் இன்சோல். இந்த மூன்றையும் பார்த்தேன். "போடப் போட லூஸாயிடும் சார்" என்ற கடைக்காரரை மட்டும் நம்பவில்லை.

மறு ஞாயிறு கடற்கரைக் கோயில்! கோபுரத்தை நிமிர்ந்து பார்க்குமுன், குனிந்து ஷூவைத்தான் பார்த்தேன்.