ஒன்று தசம் பூச்சியம் ஏழு

அப்பாவுக்கு என் வேலை என்னவென்று இன்றுவரை சரியாக விளங்கவில்லை. கோட்-தே-நேஜ் கடைகளில் யாராவது கேட்டால், "கொம்பியூட்டரிலை தண்ணி பாக்கிறான்" என்று சொல்லிவிடுவார். யோசித்துப் பார்த்தால் அது பெரிய பிழையுமில்லை. கொன்கோர்டியாவில் கணினியியல் முதுமாணி முடித்த நாளிலிருந்து, தொழிற்சாலைக் கருவிகள் அனுப்பும் எண்களைத் திரட்டித் திரையில் காட்டும் மென்பொருள்தான் என் பிழைப்பு.

சென்ற வருடம் மொன்றியலுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை. இலைக்கறிகளைக் கழுவிப் பொதிசெய்யும் இடம். கழுவும் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு மின்காந்த ஓட்டமானி அளக்கும். அந்த அளவுக்கு ஏற்றபடி ஒரு பம்பி கிருமிநாசினியைக் கலக்கும்.

இந்தக் கருவி இரண்டு பாகம். குழாயோடு குழாயாக இருப்பது சென்சர். அதற்குள் காந்தச் சுருளும் இரண்டு மின்வாய்களும் உண்டு. மேலே சின்னத் திரையோடு இருப்பது ரான்ஸ்மிற்றர். காந்தப்புலத்துக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால், வேகத்துக்கேற்ற சிறு மின்னழுத்தம் பிறக்கும். ஃபரடேயின் விதி இது. 1832 இல் அவரே லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் செப்புத் தகடுகளை இறக்கிப் பார்த்தார். பூமியின் காந்தப்புலத்தில் ஓடும் ஆறும் மின்னழுத்தம் தரவேண்டும் என்பது அவர் எண்ணம். நம்பத்தக்க அளவு எதுவும் அன்று கிடைக்கவில்லை.

எங்கள் சென்சரின் உட்பூச்சு கிழிந்துபோனதால் ஒரு வெள்ளிக்கிழமை இரவு புதியதை மாற்றினார்கள். அதே விட்டம், அதே வகை. ரான்ஸ்மிற்றர் பழையதுதான். மின்சாரம் கொடுத்ததும் எண் வந்தது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். மாநகரசபையின் மீற்றர் காட்டுவதைவிட எங்கள் கணக்கு ஏழு வீதம் குறைகிறது, மாத அறிக்கை போகவேண்டும் என்றார். வரைபடத்தைப் பார்த்தேன். பம்பி ஏறும்போது ஏறியது, இறங்கும்போது இறங்கியது. வடிவத்தில் குற்றமில்லை, உயரம்தான் குறைவு. ஒரு வரி எழுதினேன்: வரும் எண்ணை 1.07 ஆல் பெருக்கு. திரை சரியாகிவிட்டது. மேலாளர் நன்றி சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் கொஞ்சம் பெருமையாகவே இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

"தொட்டியிலை விட்டுப் பாத்தனியோ?"

"இல்லையப்பா, மாநகரசபைக் கணக்கு இருக்கு."

"அது அவையின்ரை கணக்கு. தொட்டியிலை விட்டுப் பாத்தனியோ எண்டு கேக்கிறன்."

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை இருந்த காலம். உரும்பிராயில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பு மெஷின் மண்ணெண்ணெயில்தான் ஓடும். மண்ணெண்ணெய் பொன். ஒரு போத்தலுக்கு எத்தனை தொட்டி நிரம்பும் என்று அப்பா மணிக்கூட்டோடு கிணற்றடியில் நிற்பார். மெஷினில் ஏதாவது உதிரிப்பாகம் மாற்றினால், மறுநாள் முதல் வேலை தொட்டியை வெறுமையாக்கி மறுபடி நிரப்பிப் பார்ப்பதுதான். எனக்கு அப்போது அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது.

மறுநாள் தொழில்நுட்பவியலாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கியூபெக்காரர், என்னைவிட மூத்தவர். "நல்ல யோசனை" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு 5,000 லீற்றர் தாங்கி ஒன்றைத் திறந்தார். தாங்கி நிரம்பியபோது ரான்ஸ்மிற்றர் காட்டியது 4,670. அவர் குனிந்து புதிய சென்சரின் தகட்டைத் துடைத்து, அதிலிருந்த எண்ணை வாசித்தார்.

தொழிற்சாலையில் தண்ணீர் ஓட்டிச் சோதித்த பிறகு ஒவ்வொரு சென்சருக்கும் அதற்கே உரிய அளவுத்திருத்த எண் ஒன்றைக் கொடுப்பார்கள். ரோஸ்மவுண்ட் வகையில் அது பதினாறு இலக்கம். ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரண்டு சென்சர்களுக்கும் அந்த எண் வேறு. எங்கள் ரான்ஸ்மிற்றர் இன்னும் பழைய சென்சரின் எண்ணையே வைத்துக்கொண்டு புதியதன் பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு வியர்த்தது. கிருமிநாசினிப் பம்பிக்கு மின்சைகை போவது ரான்ஸ்மிற்றரிலிருந்து நேரே. என் மென்பொருளை அது கேட்பதேயில்லை. நான் திருத்தியது திரையை மட்டும். தண்ணீருக்கு ஏழு வீதம் மருந்து குறைவாகவே போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய ஒரே அடையாளத்தையும் நான் அழித்துவிட்டிருந்தேன்.

புதிய எண்ணைப் பதிந்தோம். குழாயின் விட்டத்தையும், 20 மில்லி அம்பியருக்குரிய உச்ச ஓட்டம் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் சரிபார்த்தோம். குழாய் நிறைந்திருக்க, வால்வை மூடி ஓட்டத்தை நிறுத்தி, பூச்சியம் பூச்சியமாகவே நிற்கிறதா என்று பார்த்தோம். பிறகு மறுபடியும் தாங்கி. 4,985.

மேலாளரிடம் போய் 1.07 பற்றிச் சொன்னேன். ஒப்பந்தம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் முதலில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைக் கூப்பிட்டார். தினமும் அவர்கள் கையால் எடுத்த சோதனைகளில் மருந்தின் அளவு எல்லைக்குள்ளேயே இருந்திருக்கிறது, கீழ்க்கோட்டை ஒட்டியபடி. "இனிமேல் ஒரு எண்ணைப் பெருக்குமுன் எங்களிடம் கேள்" என்றார். அவ்வளவுதான். அந்த வரியை அவர் முன்னாலேயே அழித்தேன்.

வீட்டுக்கு வந்து, தொட்டியில் விட்டுப் பார்த்ததாக அப்பாவிடம் சொன்னேன்.

"எவ்வளவு பிழைச்சது?"

"நூறுக்கு ஏழு."

அவர் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். "ஒரு போத்தல் எண்ணெயிலை அது நாலைஞ்சு பாத்தியடா" என்றார்.