கைகாட்டி சொன்ன கதைகள்

இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரத்தில் இருக்கிறது என் பெண்ணின் வீடு. ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாமென்று போன வருஷம் புறப்பட்டுப் போனேன். குளிரில் பற்கள் கிட்டிக்க வாசலில் போய் நின்றால், கதவில் ஒரு மரப் பலகை தொங்குகிறது. சுற்றிலும் தாமரைப் பூ வேலை. கீழே பித்தளை மணிகள். நடுவில் தமிழ் எழுத்து! கண்ணில் நீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு படித்தேன். ‘நல்வறவு’ என்று எழுதியிருந்தது.

வல்லின ‘ற’ போட்டு வரவேற்றிருந்தார்கள்!

பெண் வீட்டில் காலடி வைத்த முதல் நாளே குற்றம் கண்டுபிடிப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பலகை இரண்டு வருஷமாக அங்கே தொங்குகிறதாம். தினம் நாலு தடவை அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அந்தப் பாட்டி நானா?

மறுநாள் மாப்பிள்ளை என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். திருப்பத்தில் சிவப்புக் கரை போட்ட முக்கோணப் பலகை ஒன்று. அதில் தடியூன்றிய ஒரு தாத்தா. அவர் பின்னால் முதுகு வளைந்த ஒரு பாட்டி.

“இது என்ன மாப்பிள்ளை?”

“வயதானவர்கள் ரோடைக் கடப்பார்கள், மெதுவாகப் போ என்று அர்த்தம், அத்தை.”

எனக்குச் சுருக்கென்றது. “இந்த ஊர்க் கிழவிகளெல்லாம் இப்படித்தான் கூனிக் கிடக்கிறார்களா? எனக்கு அறுபத்தெட்டு வயது. இன்னும் குடத்தில் தண்ணீர் தூக்குகிறேன்!”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். 1981-ல் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு போட்டி வைத்து, அதிலிருந்து பிறந்த படமாம் அது. குழந்தைகள் கண்ணுக்குப் பாட்டி என்றால் கூனும் தடியும்தானே! எங்களை இப்படிக் காட்டலாமா என்று அந்த நாட்டு முதியவர்களும் பல வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டபோது, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் பைத்தியம் எனக்குத் தெரிந்தது. சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். சிலர் பழைய நாணயம் சேர்க்கிறார்கள். இவர் சாலைப் பலகைகளைத் தேடிப் போய்ப் படம் பிடிக்கிறார்! பழசு, விசித்திரம், தப்பு எதுவானாலும் சரி. இவர் ஒருவர் மட்டும் அல்ல. பிரிட்டன், அயர்லாந்து சாலை ஆர்வலர்களுக்கென்று ‘சேபர்’ என்ற பெயரில் ஒரு சங்கமே இருக்கிறது. 1965-க்கு முந்திய பலகை ஒன்று ஏதாவது சந்தில் தப்பிப் பிழைத்து நிற்கிறதென்று தெரிந்தால், நூறு மைல் காரோட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்களாம்.

“வேறு வேலை இல்லையா?” என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன். அந்த எண்ணம் ஒரே வாரத்தில் மாறியது.

மழையில் வந்த துணை

அன்று என் பெண்ணுக்கு அலுவலகத்தில் நேரமாகிவிட்டது. “அம்மா, குழந்தைகளை அழைத்து வந்துவிடுகிறாயா? இரண்டு தெருதான்” என்று டெலிபோனில் சொன்னாள். பேத்திக்கு எட்டு வயது, பேரனுக்கு ஐந்து. வழி தெரியும் என்ற தைரியத்தில் கிளம்பினேன். கைப்பேசியை மேஜை மேலேயே வைத்துவிட்டேன்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மூக்குக் கண்ணாடியில் புகை படர்ந்தது. அந்த ஊரில் வீடுகளெல்லாம் அச்சில் வார்த்தாற்போல ஒரே மாதிரி. எந்தத் தெருவில் திரும்பினேன், எதில் திரும்பவில்லை என்பதே புரியவில்லை. தெருப் பெயர் எழுதிய பலகை இருந்தது, எழுத்துத்தான் தெரியவில்லை. பள்ளி விடும் நேரமோ நெருங்கிவிட்டது. இரண்டு குழந்தைகளும் வாசலில் நின்று விழித்துக்கொண்டிருக்குமே என்று வயிறு கலங்கியது.

அப்போது தூரத்தில், மழைத் திரைக்கு அப்பால், ஒரு சிவப்பு முக்கோணம் தெரிந்தது. அதற்குள் கறுப்பாக இரண்டு உருவங்கள். பெரிய பெண் ஒருத்தி ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறாள். என் பேத்தியும் பேரனும்தான் என்று தோன்றியது! அந்தப் பக்கம் நடந்தேன். பள்ளிக்கூடம் வந்துவிட்டது.

ராத்திரி இதைச் சொன்னதும் மாப்பிள்ளை பரவசமாகிவிட்டார். “அத்தை, அந்தப் பெண் யார் தெரியுமா? சனிக்கிழமை காரில் ஏறுங்கள், சொல்கிறேன்!” என்றார்.

சிவப்புக் கைகாட்டி

சனிக்கிழமை காலை, இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டிக்கொண்டு டார்செட் ஜில்லாவுக்குக் கிளம்பினோம். பச்சை வயலும் வேலியும் கல் வீடுகளுமாகப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத பூமி. அந்த நாட்டுக் கிராமச் சாலைகளில் வெள்ளைக் கைகாட்டிகள்தான் வழக்கம். ஆனால் ஆண்டர்சன் என்ற சிற்றூர் அருகே நிற்கிற கைகாட்டி, குங்குமம் பூசினாற்போல் சிவப்பாக இருக்கிறது. அந்த ஜில்லாவில் இப்படி நாலு உண்டு.

எதற்குச் சிவப்பு? ஊரார் சொல்லும் கதை இது. ஒரு காலத்தில் கைதிகளை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்துவதற்காகத் துறைமுகம் வரை நடத்தியே கொண்டு போவார்கள். வழியில் ராத்தங்கலுக்கு ஒரு கொட்டகை. காவலர்களுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. ‘சிவப்புக் கம்பத்தில் திரும்பு’ என்றால் யாருக்கும் புரியுமே! நடந்ததோ, கட்டியதோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது. தாயையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அந்தச் சிவப்பைப் பார்த்து எத்தனை பேர் திரும்பி நடந்தார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

வழி காட்டும் மரத்துக்கே ஒரு சமயம் ஆபத்து வந்ததாம். 1940-ல் ஜெர்மானியப் படை வந்து இறங்கிவிடும் என்ற பயம். எதிரிக்கு வழி தெரியக்கூடாதென்று நாடெங்கும் கைகாட்டிகளைப் பிடுங்கினார்கள். ஊர்ப் பெயர்களை அழித்தார்கள். எதிரி வரவில்லை. உள்ளூர்க்காரர்கள்தான் வழி தெரியாமல் தவித்தார்கள்!

கப்பல் லேபிளில் தொடங்கியது

மரத்தடியில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது, மாப்பிள்ளை அந்தப் பெண்ணின் கதையை ஆரம்பித்தார்.

1950-களில் பிரிட்டனின் சாலைப் பலகைகள் ஒரே குழப்பமாம். ஊருக்கு ஒரு மாதிரி, எழுத்துக்கு ஒரு அளவு. பள்ளிக்கூடம் என்பதற்கு எரியும் தீவட்டிப் படம்! அறிவுச் சுடராம். பார்த்தவன் என்ன நினைத்தானோ! புதிதாக அதிவேக நெடுஞ்சாலை போடப் போகிறோம், எழுபது மைல் வேகத்தில் போகிறவன் இதையெல்லாம் எப்படிப் படிப்பான் என்று 1957-ல் சர் காலின் ஆண்டர்சன் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அவர் கப்பல் கம்பெனி நிர்வாகி. கம்பெனியின் பயணிகள் மூட்டைகளுக்கு லேபிள் வரைந்து கொடுத்த ஜாக் கின்னியர் என்ற ஓவியர் அவர் நினைவுக்கு வந்தார். மூட்டைக்கு வழி காட்டியவர் மனிதனுக்கும் காட்டட்டுமே!

கின்னியர் தம்மிடம் படித்த மாணவி மார்கரெட் கால்வெர்ட்டைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1936-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் பிறந்து, 1950-ல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த பெண் அவர். 1958-ம் வருஷம் டிசம்பர் 5-ம் தேதி திறந்த பிரெஸ்டன் புறவழிச் சாலையில் இருவரின் பலகைகளும் முதலில் ஏறின. பிறகு நாட்டின் எல்லாச் சாலைகளுக்கும் வேலை விரிந்தது.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. டேவிட் கிண்டர்ஸ்லி என்ற எழுத்துக் கலைஞர், தமது பெரிய எழுத்துக்களே மேலானவை என்று வாதாடினார். பென்சன் விமானத் தளத்தில் பரீட்சை வைத்தார்கள். விமானப் படையினர் மேடையில் உட்கார்ந்திருக்க, கூரை மேல் பலகை வைத்த கார் அவர்களை நோக்கி வந்தது. யார் எழுத்து எத்தனை தூரத்தில் தெரிகிறதென்று குறித்துக்கொண்டார்கள். கிண்டர்ஸ்லியின் எழுத்துக்கே ஒரு மயிரிழை கூடுதலாக மார்க்கு! ஆனாலும் கின்னியர், கால்வெர்ட் எழுத்துத்தான் அழகு என்று அதையே ஏற்றார்கள். 1965 ஜனவரி 1 முதல் அவர்கள் பலகைகள் சட்டமாயின.

படங்களில் பலவற்றை வரைந்தவர் கால்வெர்ட். பசு மாட்டுப் பலகைக்கு உறவினர் பண்ணையிலிருந்த ‘பேஷன்ஸ்’ என்ற பசுவே மாதிரி. சாலையில் மண் வெட்டுகிற ஆளைப் பார்த்து, ‘குடையைத் திறக்க முடியாமல் திண்டாடுகிறான்’ என்று நாடே கேலி செய்கிறது. குழந்தைகள் படத்துக்கு வந்தபோது அவர் ஒரு காரியம் செய்தார். பழைய பலகையில் தொப்பி வைத்த பையன் ஒருவன் சின்னப் பெண்ணை அழைத்துப் போவான். கால்வெர்ட் அதை மாற்றி, பெண்ணைப் பெரியவளாக்கி, பையனின் கையை அவளிடம் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குத் தம் சிறு வயது உருவத்தையே மாதிரியாகக் கொண்டாராம்.

கடல் கடந்து பதினான்கு வயதில் புது நாட்டுக்கு வந்த பெண், அந்த நாட்டுப் பள்ளிக்கூட வாசல்களில் எல்லாம் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! 2016-ல் அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் கால்பந்து மைதானத்துக்கு வழி காட்டும் பலகையைக் காட்டினார் மாப்பிள்ளை. பந்து முழுவதும் அறுகோணக் கட்டங்கள். அறுகோணத்தை மட்டும் தைத்தால் துணி தட்டையாகத்தான் இருக்குமாம், பந்தாகக் குவியாது. நடுநடுவே பன்னிரண்டு ஐங்கோணம் வேண்டுமாம். மாட் பார்க்கர் என்ற கணித வல்லுநர் 2017-ல் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கி அரசாங்கத்துக்கு மனுப் போட்டார். காரோட்டி பந்தின் கோணங்களை எண்ண வேண்டாம் என்று அரசாங்கம் மறுத்துவிட்டது!

வேல்ஸில் ஒரு வேடிக்கை

அடுத்த சனிக்கிழமை செவர்ன் நதிப் பாலத்தைக் கடந்து வேல்ஸுக்குப் போனோம். பாலம் முடிந்ததும் பலகைகளில் இரண்டு மொழி. கார்டிஃப் நகரம் ‘கயர்தீத்’ ஆகிறது. ஸ்வான்ஸி ‘அபெர்தவே’ ஆகிறது. மெதுவாகப் போ என்பதற்குச் சாலையிலேயே ‘அராவ்’ என்று எழுதியிருக்கிறது. பேரன் வழியெல்லாம் ‘அராவ், அராவ்’ என்று கத்திக்கொண்டே வந்தான்.

ஸ்வான்ஸியில் 2008-ல் நடந்ததைக் கேளுங்கள். கனரக லாரிகள் உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகை வைக்க நகராட்சி தீர்மானித்தது. ஆங்கிலத்தில் எழுதி, வெல்ஷ் மொழியில் பெயர்த்துத் தரும்படி மின்னஞ்சல் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் பதில் வந்தது. அப்படியே பெரிய எழுத்தில் பலகையில் பொறித்து நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் வந்து படித்தால், ‘நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்’ என்றிருக்கிறது! மொழிபெயர்ப்பாளர் வெளியே போயிருந்தார். அது தானாக வந்த பதில். பிறகு பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. “இன்னொன்றையும் கேளுங்கள், அத்தை. கார்டிஃபில் 2006-ல் ரோடைக் கடக்கிறவர்களுக்கு ஒரு பலகை. ஆங்கிலத்தில் ‘வலது பக்கம் பார்’. வெல்ஷில் ‘இடது பக்கம் பார்’!”

என் சிரிப்பு நின்றுவிட்டது. தாய்மொழியை நம்பிப் படித்தவர், கார் வராத பக்கம் பார்த்துக்கொண்டு காலெடுத்து வைத்திருந்தால்?

அந்த இரண்டாவது வரி சும்மாவும் வந்துவிடவில்லை. 1960-களின் கடைசியில் வெல்ஷ் இளைஞர்கள் ஆங்கிலம் மட்டும் இருந்த பலகைகளில் சாயம் பூசிப் போராடினார்கள். பாடகர் தவித் இவான் அபராதம் கட்ட மறுத்து 1970-ல் சிறைக்குப் போனார். வெல்ஷ் மாஜிஸ்டிரேட்டுகள் சிலரே கைப்பணம் போட்டு அபராதத்தைக் கட்டி அவரை விடுவித்தார்கள். 1972-ல் ஒரு கமிட்டி இரு மொழிப் பலகையைச் சிபாரிசு செய்தது. ஜெயிலுக்குப் போய் வாங்கிய இடம் அது! இடம் கிடைத்தது, எழுதுகிறவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. 2021 கணக்கெடுப்பில், வெல்ஷ் பேசத் தெரியும் என்றவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்கூட இல்லை.

காரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு வீட்டு வாசல் பலகை ஞாபகம் வந்தது.

வாசல் பலகை

வீட்டுக்கு வந்ததும், “மாப்பிள்ளை, ஊரெல்லாம் தப்புப் பலகை தேடுகிறீர்களே, இதைக் கொஞ்சம் பாருங்கள்” என்றேன்.

அவர் பார்த்தார். திரும்பப் பார்த்தார். முகம் அசடு வழிந்தது. என் பெண் ஓடி வந்து, “ஏம்மா, முதல் நாளே சொல்லக்கூடாதா?” என்றாள். பிறகு மெல்லிய குரலில், “எனக்கே தெரியவில்லையே, அம்மா!” என்றாள்.

புதுப் பலகை வாங்கிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. நான் வேண்டாம் என்றேன். உப்புத் தாளும் ஒரு டப்பி மஞ்சள் சாயமும் வாங்கி வரச் சொன்னேன். பேத்தியை உட்கார வைத்து ‘ர’வும் ‘ற’வும் எழுதிக் காட்டினேன். மூன்று நாள் காகிதத்தில் பழகினாள். நாலாம் நாள் பழைய எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அவளே எழுதினாள். கொஞ்சம் கோணல்தான். இருந்தாலும் சரியான எழுத்து.

அன்று மாலை நான் சமையலறையில் இருந்தபோது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நாற்காலி மேல் தம்பியை ஏற்றி நிறுத்தியிருந்தாள் பேத்தி. அவன் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“இது சின்ன ‘ர’. பாட்டி வந்தாங்க இல்லையா, அந்த ‘வரவு’க்கு இதுதான். எங்கே, நீ சொல்லு!”