பாட்டை இழந்தவர் பிடித்துக்கொண்ட பாஸ்

ஒன்பதாவது படிக்கும்வரை எங்கள் தெருவில் நான்தான் பாடகன். சித்திரைப் பொங்கல் வந்தால் மைக் என் கையில். அப்புறம் மகரக்கட்டு உடைந்தது. எல்லாப் பையன்களுக்கும் உடைவதுதான், எனக்கு மட்டும் திரும்ப ஒட்டவே இல்லை :) இப்போது பி.காம். மூன்றாம் ஆண்டு. பற்று, வரவு, இருப்புநிலைக் குறிப்பு... பாட்டுப் பக்கம் தலைவைப்பதில்லை.

போன மாதம் போடிமெட்டுக்குப் பஸ்ஸில் போனோம். பதினேழு கொண்டை ஊசி வளைவு. வாந்தி வராமலிருக்க நண்பன் தன் ஹெட்போனை என் காதில் மாட்டினான். பாட்டு இல்லை. அடியில் ஒரு தடித்த தந்தி மட்டும் நிதானமாக நடந்துகொண்டிருந்தது. டபுள் பாஸாம். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் வயலின் மாதிரி ஒரு வாத்தியம். ஜாஸில் அதை நின்றுகொண்டே விரலால் மீட்டுவார்கள். வாசித்தவர் சார்லி ஹேடன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1937இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். குடும்பமே ரேடியோவில் பாடும் கோஷ்டி. இவர் இரண்டு வயதுக்குள்ளேயே பாட வந்துவிட்டார். பதினைந்தாவது வயதில் போலியோ தொண்டையைத் தாக்க, பாட்டு நின்றது. பிடித்துக்கொண்டது பாஸை. 1959இல் ஆர்னெட் கோல்மன் குழுவில் சேர்ந்து ஜாஸின் போக்கையே மாற்றிய ஆல்பங்களில் வாசித்தார். 1971இல் போர்ச்சுகல் மேடையில், சே குவேராவுக்காகத் தான் எழுதிய இசையை அந்த நாட்டின் ஆப்பிரிக்கக் காலனிகளில் போராடியவர்களுக்குச் சமர்ப்பித்தார். மறுநாள் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது!

அரசியலைப் பாட்டில் ஏற்றுவது நம்ம மலைக்குப் புதிதில்லை. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடியவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். அவர் கச்சேரிகளோடு ஊர் ஊராகச் சுற்றிய தம்பிதான் பின்னாளில் இளையராஜா. அந்தத் தம்பிக்குச் சென்னையில் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். ராஜாவைத் தெரிந்த அளவுக்கு மாஸ்டரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வாத்தியாரும் பாஸ் மாதிரிதான் போல. இருக்கும்போது கவனிக்க மாட்டோம், எடுத்துவிட்டால் பாட்டு சரிந்துவிடும்.

ஹேடனும் வாத்தியார் ஆனார். 1982இல் கலிபோர்னியாவின் கால்ஆர்ட்ஸ் கலைக்கல்லூரியில் ஜாஸ் பாடப்பிரிவைத் தொடங்கினார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ரவி கோல்ட்ரேன். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் மகன். நம்ம பண்டிட் ரவிசங்கர் நினைவாக வைத்த பெயர் அது! 2014இல் ஹேடன் இறந்தார்.

குரல் போனதோடு இசையும் போய்விட்டது என்று ஆறு வருடம் நானாகவே கணக்கை முடித்து வைத்திருந்தேன். ஐந்தொகை தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

பக்கத்து வீட்டில் ஆறாவது படிக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அவன் அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். "அண்ணே, எனக்கு ஒரு பாட்டு சொல்லிக்குடுங்கண்ணே" என்று அவன் கேட்கும்போதெல்லாம், "எனக்கே பாட வராதுடா" என்று விரட்டியிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பாடப் போவது அவன். எங்கே சுருதி விலகுகிறது என்று சொல்ல எனக்குக் காது போதும்.