பனிக்காலக் கணக்கு

சென்ற டிசம்பர் 31ஆம் தேதி மாலை என் கவுன்டரில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. மெஷினில் இரண்டு முறை ஓட்டினேன். பிறகு கையால். செல்லான்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மானேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரவு எட்டரைக்கு மேல் இருக்கும், கடைசிக் கட்டில் எண் தவறிப்போய் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தபோது கல்லிகான்ட்ஸரோய்களின் ஞாபகம் வந்தது.

கிரேக்க நாட்டுப்புறத்துப் பிசாசுகள் இவை. கறுத்தவை, மயிர் அடர்ந்தவை, கொஞ்சம் முட்டாள்கள். வருஷம் முழுக்கப் பூமிக்கு அடியில் இருந்துகொண்டு, பூமியைத் தாங்கி நிற்கும் மரத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி என்னும்போது கிறிஸ்துமஸ் வந்துவிடும். வேலையைப் போட்டுவிட்டு மேலே வந்துவிடும். ஜனவரி 6 வரை பன்னிரண்டு நாட்கள் ஊருக்குள் அட்டகாசம். புகைபோக்கி வழியாக இறங்கி, அடுப்பை மூத்திரம் பெய்து அணைத்து, சமைத்த பண்டத்தை நாசம் செய்யும். பாதிரியார் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது கீழே ஓடிப் பார்த்தால் மரம் பழையபடி வளர்ந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து அறுக்கவேண்டும்.

இவற்றுக்கு எதிராகக் குடியானவன் கையாளும் தந்திரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாசலில் ஒரு சல்லடையை வைத்துவிடுவான். சல்லடையைக் கண்டால் பிசாசுக்குத் துவாரங்களை எண்ணாமல் மேலே போக முடியாது. ஆனால் மூன்று என்பது திரித்துவத்தின் எண். அதை உச்சரித்தால் பிசாசு மாண்டுபோகும். எனவே ஒன்று, இரண்டு; மறுபடி ஒன்று, இரண்டு. இப்படியே கோழி கூவிவிடும். ஜே. ஸி. லாஸன் 1910இல் எழுதிய புத்தகத்தில் இவற்றைப் பற்றி நீளமாக ஆராய்ந்து, பழைய கிரேக்கத்தின் குதிரை மனிதர்கள்வரை கொண்டுபோகிறார். பூர்வோத்தரம் தேடும் இந்த மாதிரி ஆராய்ச்சியில் எனக்கு அவ்வளவாக ருசி இல்லை. வாசற்படியில் குந்திக்கொண்டு எண்ணுகிற அந்தப் பிராணிதான் என் அக்கறை. அதன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், கேஷ் கூண்டின் கண்ணாடியில்.

இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட எனக்கு உரிமை உண்டா என்பது வேறு விஷயம். இருபத்தாறு வயதில் ஒரு சிறுபத்திரிகையில் இதே பனிக்காலக் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இவை தூய பயத்தின் படிமங்கள், நீண்ட இரவின் முன் மனிதப் பிரக்ஞை எழுப்பிய உருவங்கள், இவற்றில் உழைப்பையும் வர்க்கத்தையும் தேடுகிறவன் கவிதைக்குச் செவிடன், என்பது அதன் வாதம். பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் கற்ற தோரணை அது. டிக்கன்ஸின் 1843ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் கதையை வகுப்பில் படித்தபோது எங்களுக்கு ஆவிகள்தான் தெரிந்தன. வாரம் பதினைந்து ஷில்லிங்குக்கு, மெழுகுவர்த்திச் சுடரில் கை காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தா கண்ணில் படவே இல்லை. பிற்பாடு நானும் குமாஸ்தாதான் ஆனேன்.

அந்தக் கட்டுரைக்குப் பிரதான உதாரணமாக நான் எடுத்துக்கொண்டது ஐஸ்லாந்தின் யூல் பூனை. க்ரீலா என்ற ராட்சசி மலையில் இருக்கிறாள்; துஷ்டப் பிள்ளைகளைப் பிடித்துப்போய் வேகவைத்துத் தின்பவள். அவளுக்குப் பதின்மூன்று பிள்ளைகள், வீட்டில் ஒரு ராட்சசப் பூனை. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கிடைக்காதவன் எவனோ அவனை அது பிடித்துக்கொள்ளும். அவன் பங்குச் சாப்பாட்டை மட்டும் தின்றுவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. ‘பூனையிடம் போய்விட்டான்’ என்றால் புதுத்துணி இல்லாதவன் என்று அர்த்தம். பனிவெளியில் வீட்டுக்கு வீடு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போகும் அந்தக் கண்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கட்டுரையை அனுப்புவதற்கு முந்தின நாள் அப்பாவிடம் கதையைச் சொன்னேன். அப்பா நெசவாளி. குழித்தறி. கேட்டுவிட்டு, “அப்ப அது முதல்ல நம்ம வீட்டுக்குத்தான்டா வந்திருக்கும்” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். தெருவில் பாவு போட்டுக் கஞ்சி தோய்க்க முடியாது; போட்டாலும் காயாது. தீபாவளிக்கு ஊரெல்லாம் சேலை கேட்கிற மாதத்தில்தான் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுபோகும். அம்மா தார் சுற்றும் ராட்டையை ஓரமாக வைத்துவிடுவாள். முதலாளியிடம் வாங்கின முன்பணம் ஏற்கெனவே தலைக்கு மேல். நான் நாலாவது படித்த வருஷம் அம்மா என் பழைய சட்டையையே வெளுத்து, மஞ்சள் தடவிக் கொடுத்தாள். புதுத்துணி என்பதற்கு மஞ்சள்தான் அடையாளம். அந்த மஞ்சளோடு தெருவில் பட்டாசு பொறுக்கப் போனேன்.

அப்பாவின் வாக்கியத்தை நான் கட்டுரையில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வாதம் இடிந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் விட்டது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐஸ்லாந்தில் அந்தப் பூனை என்னவாக இருந்தது என்று பிறகுதான் படித்தேன். மிகப் புராதனமானது என்று நான் நினைத்திருந்த விஷயம் எழுத்தில் கிடைப்பது 19ஆம் நூற்றாண்டில், ஜோன் ஆர்நாசன் 1862இலிருந்து வெளியிட்ட தொகுப்பின் காலத்தில். கோடையில் வெட்டின கம்பளி மயிரை, சிக்கெடுத்து, நூற்று, பின்னி, கிறிஸ்துமஸுக்குள் முடிக்கவேண்டும். பண்ணைவீட்டின் ஒரே கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து இரவெல்லாம் வேலை செய்வார்கள். ஒருவர் பழங்கதை வாசிப்பார். வேலை முடிந்தால் எசமான் ஆளுக்கு ஒரு துணியோ ஆட்டுத்தோல் செருப்போ தருவான். சோம்பேறிகளை விரட்டப் பூனை என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் நிலமில்லாதவன் ஏதாவது ஒரு பண்ணையில் ஆளாகச் சேர்ந்தே தீரவேண்டும் என்று சட்டமே இருந்த நாடு அது. துணி தருவதா வேண்டாமா என்பது எசமான் கையில். தராமல் போனால் பூனை எசமானைத் தின்பதில்லை. இந்த ஓட்டையை எந்த விளக்கமும் அடைப்பதாகத் தெரியவில்லை.

ஆல்ப்ஸ் பக்கத்து பெர்ஹ்டாவும் இந்த ரகம்தான். யாகோப் க்ரிம் 1835இல் வெளியிட்ட ஜெர்மானியத் தொன்ம நூலில் வருகிறாள். வருஷக் கடைசிக்குள் நூற்காமல் மிச்சம் வைத்த சணல் நாரைப் பாழாக்குவாள். அவள் நாளில் கஞ்சியும் மீனும் சாப்பிடாமல் வேறெதையாவது சாப்பிட்டவனின் வயிற்றைக் கிழித்து, வைக்கோல் துணுக்கை அடைத்து, கலப்பைக் கொழுவை ஊசியாகவும் இரும்புச் சங்கிலியை நூலாகவும் கொண்டு தைத்துவிடுவாள். அந்த ஊசியையும் நூலையும் கற்பனை செய்தவன் உழுதவனாகத்தான் இருக்கவேண்டும்.

யூல் பூனைக்கு இன்று உலகம் அறிந்த உருவத்தைக் கொடுத்தவர் யோஹன்னஸ் ஊர் கட்லும் என்ற பள்ளிக்கூட வாத்தியார். 1932இல் குழந்தைகளுக்காக அவர் போட்ட சின்னப் புத்தகத்தில் அது இருக்கிறது. இடதுசாரி. கடைசியில் குழந்தைகளைப் பார்த்து, ஒன்றும் கிடைக்காத வீடு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லிக் கவிதையை முடிக்கிறார். இதைப் பிரசாரம் என்று அந்தக் காலத்து நான் ஒதுக்கியிருப்பேன். அதே மனிதர் எதுகை மோனையோடு எழுதிவந்ததை விட்டுப் புதுக்கவிதைக்கு வந்தவர். 1955இல் வந்த அவர் தொகுப்பு அந்த மொழியின் நவீனக் கவிதையில் முக்கியமானது. நம்மிடையே இந்த இரண்டு காரியங்களையும் ஒரே ஆள் செய்தால் இரண்டு கோஷ்டியும் சேர்க்காது.

2018 முதல் ரெய்க்யாவிக்கில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பூனையை விளக்குகளால் ஜோடித்து ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்துகிறார்கள். படங்களில் பார்த்தேன். ஜனங்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், எல்லாரும் புதுக் கோட்டுகளோடு.

பயம் தூய்மையானது என்று நான் எழுதியதை முழுக்க மறுக்கவும் முடியவில்லை. பூனையைக் கூலித் தகராறாக மட்டும் படித்தால் ஜன்னலில் தெரியும் கண்கள் காணாமல் போய்விடும்; அந்தக் கண்கள் இல்லாவிட்டால் அப்பா சிரித்திருக்கமாட்டார். அவருக்கு அது உடனே தெரிந்தது. எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது.

அன்று ஐந்நூறு ரூபாயை என் பையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்தேன். வீட்டுக்குப் போகும்போது பத்தேகால். அப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை. தறியை விற்று ரொம்ப நாளாகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“கணக்கு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுப்பா.”

“எவ்வளவு பிடிச்சான்?”

“ஐந்நூறு.”

“சாப்பிடு, போ” என்றார்.